ஆயுத பூஜை அன்று பதிந்த கேசட்

கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் கையில் கேசட்டை வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் ஒரு ரேடியோவுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

"தாலி கட்டற நேரத்துல எங்க பெரியப்பா சாம்பார்ல உப்பு இல்லன்னு கத்துனது இதுல கீதுங்க. அத்த மட்டும் எடுத்துடுங்க. சம்பந்தி வூட்ல போட்டுக் காட்டணும், மானமே பூடும்."

"கத்துனாரா இல்லியா?"

"கத்துனாரு. அதுக்கு?"

"அப்ப இருக்கட்டும்."

அவ்வளவுதான் பதில். வந்தவர் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் கேசட்டைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார். நான் என் டிரான்சிஸ்டரை ரிப்பேருக்குக் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு நொடி வேலை, அழித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. பின்னாளில் அந்த எரிச்சலைச் சேர்த்துவைத்து அந்தக் கடைக்காரர் மேலேயே கொட்டப்போகிறேன் என்று அன்றைக்குத் தெரியாது.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது அந்தக் கடை. ரேடியோ ரிப்பேர், கேசட்டில் பாட்டுப் பதிவது, கல்யாணம் காதுகுத்துக்கு மைக்கோடு வந்து நடப்பதைப் பதிந்து கொடுப்பது, மூன்றும் அங்கே நடக்கும். எழுபதுகளில் பெரிய ஸ்பூல் டேப்பில் ஆரம்பித்தவர், கேசட் வந்ததும் கேசட்டுக்கு மாறிக்கொண்டார். ஊரில் எல்லாருக்கும் அவர் ரெக்கார்டிங் அண்ணன். வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு நான் செய்தது போதும்.

ஒல்லியான ஆள். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எழுதுவதற்கு அல்ல, கேசட்டின் பல்லில் விட்டு நாடாவைச் சுற்றுவதற்கு. மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் கறுப்பு ஒயரைக் கட்டி வைத்திருப்பார். பக்கத்தில் போனால் ஈயப் புகை வாசனை அடிக்கும். சிரிக்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது. சிரிப்பார், ஆனால் நாம் சிரித்து முடித்த பிறகு.

எந்த இடத்துக்குப் பதிவு செய்யப் போனாலும் முதலில் மைக்கை வாயருகே வைத்து அவரே பேசுவார். "இன்னிக்கு வெள்ளிக்கெழம. எடம் சேவூரு. மழ வர்ற மாதிரி கீது. காலைல ரெண்டு இட்லி சாப்ட்டேன்."

"இட்லி எதுக்குணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பதிவு சரியில்லன்னு நாளைக்கு எவனாவது வந்து கேப்பான். அன்னிக்கு நான் பசியோட வேல செஞ்சனா, சாப்ட்டு செஞ்சனான்னு தெரியணுமில்ல?"

இப்படி ஒரு ஆளை எதில் சேர்ப்பது, சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. மேடையில் இரண்டு மைக் வைப்பார். ஒன்று பாடுகிறவர்களைப் பார்த்து. மற்றொன்று கூட்டத்தைப் பார்த்து. கச்சேரிக்காரர்களுக்கு இந்த இரண்டாவது மைக்கைக் கண்டாலே ஆகாது. நாய் குரைப்பது, குழந்தை அழுவது, எவனோ பீடி கேட்பது எல்லாம் அதில் விழும். கேட்டால், "நீங்க இன்னா பாடுனீங்கன்னு உங்களுக்கே தெரியும். அவங்க இன்னா பண்ணிகினு இருந்தாங்கன்னு யாரு சொல்லுவாங்க?" என்பார்.

அவரைப் பற்றி ஊரில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற ஒரு கதை உண்டு. களம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர், கணவரை இழந்தவர், ஒரு நாள் கடைக்கு வந்தார். அவர் மகள் கல்யாணத்தைப் பதிந்தபோது, மந்திரம் சொல்லும் இடத்தில் அவர் கணவரின் இருமல் விழுந்திருந்தது. அப்போது எடுத்துவிடச் சொல்லிச் சண்டை போட்டவரும் இந்த அம்மாதான். இப்போது அந்த இருமலை ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். அண்ணன் கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடையில் இருந்த நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இருமல் வந்தது. அந்த அம்மா கண்ணைத் திறந்து, "இது அவரு இல்லீங்க. எங்க மாமனாரு" என்றார்.

அண்ணன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? "அதுக்கு நான் இன்னாம்மா பண்ண முடியும், இருமனது அவருதான்" என்றார். அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் நான்கு பேர். நடராஜன் கிட்டார். சேகர் டிரம்ஸ். பாபு புல்புல்தாரா. நான் பாட்டு. பாபு லாரி ஷெட்டில் வேலை செய்தான். மற்ற மூன்று பேரும் பட்டுத் தறியில். எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஊரில் வேறு பாட்டுக் குழுக்களும் இருந்தன. அவர்கள் சினிமாப் பாட்டை அச்சு அசலாகப் பாடுவார்கள், கைதட்டல் வாங்குவார்கள். நாங்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டினோம். 'களம்பூரு லாரியில காத்து ஏறிப் போவுது' என்று ஒரு பாட்டு. வோல்டேஜ் இல்லாத ஊரில் காதல் கடிதம் படிக்கிறவன் பாட்டு ஒன்று. முதலாளி வீட்டு நாயைப் பற்றி ஒன்று. சேகர் தறியில் கால் போடுகிற அதே வேகத்தில் டிரம்ஸை மிதிப்பான். ஒரே சத்தக்காடு. சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்கு அது பிரமாதமாக இருந்தது. மூன்றாவது பாட்டிலேயே கூட்டத்திலிருந்து, "யோவ், சினிமா பாட்டு போடுங்கய்யா!" என்று குரல் வந்துவிடும்.

எனக்கு அதுகூடப் பெரிய கவலை இல்லை. என் கவலை வேறு. என் குரல் மெலிசு. மேலே போனால் கீச்சென்று பிசிறும். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாட நிறுத்தியபோது பின்வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து என் பட்டப்பெயர் விசில். பாட்டுக் கட்டியது முழுக்க நான்தான் என்பதால் வேறு வழியில்லாமல் என்னைப் பாடவிட்டார்கள். மெட்ராஸ் போக வேண்டும், என் குரல் ஒரு கேசட்டில் ஏறிக் கடைகளுக்கு வர வேண்டும், அதைப் பின்வரிசைக்காரன் ஒவ்வொருவனும் காசு கொடுத்து வாங்க வேண்டும். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். கல்யாணம்கூட அதற்கப்புறம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் ஆயுத பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கச்சேரி. நெல் காயவைக்கிற சிமென்ட் களம்தான் மேடை. மில்லுக்குப் பூஜை போட்டுப் பெல்ட்டுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, லாரிகளில் வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். பொரியும் சுண்டலும் ஆளுக்கொரு பொட்டலம். அன்றைக்கு ஒரு மெஷினும் ஓடக்கூடாது அல்லவா, எந்நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கும் அந்த ஊர் அன்று கப்சிப் என்று கிடந்தது. நடராஜன் தயங்கித் தயங்கிக் கேட்டதும் ரெக்கார்டிங் அண்ணன் எங்களுக்காகச் சும்மாவே பதிவு செய்ய வந்தார். அவர் மனைவியும் கூட வந்திருந்தார், களம்பூரில் யாரோ சொந்தக்காரர்களைப் பார்க்க. எங்களுக்கு அவர் அண்ணி.

கச்சேரி எப்படி நடந்தது என்றா கேட்கிறீர்கள்? இரண்டாவது பாட்டில் நடராஜனின் கிட்டார்க் கம்பி அறுந்தது. வேறு யாராக இருந்தாலும் கம்பியை மாற்றுவான், இல்லை மிச்சக் கம்பியில் வாசிப்பான். நடராஜன் தறிக்காரன். இழை அறுந்தால் கை தானாகப் போய் முடிந்துவிடும். அறுந்த இரும்புக் கம்பியின் இரண்டு முனையையும் பிடித்துப் பட்டு நூலைப் போல முடிச்சுப் போட்டு இறுக்கப் பார்த்தான். அது உருவிக்கொண்டு அவன் முகத்தில் அடித்தது. "அய்யோ, அம்மா!" என்று அவன் கத்தியது முழுசாக மைக்கில் விழுந்தது. சேகருக்குச் சிரிப்பில் தாளம் தப்பியது. நான் மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்தேன். சினிமா பாட்டு கேட்டு ஒருவன் கத்தினான். ஒரு லாரி டிரைவர் எழுந்து, "இவன் பாட்டு நல்லாத்தான்டா கீது, வாய மூடு" என்று அவனை அடக்கினார். எங்களுக்காக ஒருவர் சண்டைக்கு நின்றது அதுதான் முதல் தடவை. அடுத்து அண்ணி தன் கணவரைப் பார்த்து, "ஏங்க, பொரி நமுத்துப் போவுது, வந்து துன்னுட்டுப் போங்க!" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து கூப்பிட்டார். அதுவும் விழுந்தது.

கடைசிப் பாட்டில் பாதியிலேயே கேசட் தீர்ந்து நின்றுவிட்டது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரமணி நேரம் ஓட வேண்டியது, இன்னா இது இவ்ளோ ஜல்தியா முடிஞ்சிடுச்சி? கம்பெனிக்காரன் நாடாவக் கம்மி பண்ணிட்டான் போல" என்று முணுமுணுத்தார். எங்களுக்கு அது காதிலேயே விழவில்லை, நாங்கள் நடராஜனின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கடையில் அந்தக் கேசட்டைப் போட்டார். நான் அசந்து நின்றுவிட்டேன். கம்பி அறுந்த சத்தம், கத்தல், சிரிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு குரல் பாடியது. கனமான குரல். எதையோ தொலைத்தவன் பாடுவது போல நின்று நிதானமாக வந்தது. பிசிறே இல்லை.

"யாருணா இது?"

"நீதான்டா. வேற யாரு பாடுனா அங்க?"

நடராஜன் என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டான். பாபு, "டேய் விசிலு, இத்தன நாளா எங்கடா வெச்சிருந்த இந்தக் கொரல?" என்றான். நான் வெளியே போய்ச் சந்தில் நின்று அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன?

அந்தக் கேசட் பரவியது எப்படி என்றால், ஜனங்கள் காலி கேசட்டோடு வேண்டிய பாட்டுகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அண்ணன் கடைக்கு வருவார்கள். அவர் வரிசையாகப் பதிந்து கொடுப்பார். முடிவில் நான்கைந்து நிமிடம் நாடா மிச்சம் இருக்கும். மற்ற கடைக்காரர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். இவர் அந்த மிச்சத்தில் எங்கள் பாட்டு ஒன்றைப் போட்டு அனுப்பினார், அதுவும் நடராஜனின் "அய்யோ, அம்மா" உட்பட. தேசூர் போகிற பஸ்ஸில், வெம்பாக்கம் டீக்கடையில், வந்தவாசி சலூனில், சினிமாப் பாட்டெல்லாம் முடிந்ததும் எங்கள் பாட்டு வந்தது. தெரியாதவர்கள் என்னிடமே வந்து, "அந்தக் கட்டக் கொரல்ல பாடறவன் யாருப்பா?" என்று கேட்டார்கள். நான் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. தறியில் உட்கார்ந்து பாடிப் பார்ப்பேன். அந்தக் குரல் வராது. மைக் வைத்துப் பாடினால் அப்படித்தான் மாறும் போல என்று மனசைச் சமாதானம் செய்துகொள்வேன்.

தை மாதத்தில் மெட்ராஸிலிருந்து ஒருவர் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்க ஆரணி வந்தார். கேசட் போடுகிற கம்பெனி ஒன்றில் பாடகர்களைத் தேடிப் பிடிக்கிற வேலையாம் அவருக்கு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டு அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். முந்தானைக் குஞ்சம் கட்டக் கொடுத்த புடவையை வாங்க அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகவும், பாடியவனை அன்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தறியில் இருந்த எனக்கு நடராஜன் ஓடிவந்து சொன்னான். அன்று என்னால் ஒரு முழம்கூட நெய்ய முடியவில்லை.

புதன்கிழமை அண்ணன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனால், கடையில் அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். மெட்ராஸ்காரருக்கு நல்லதாக ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று அண்ணன் முழுக் கேசட்டையும் ஓடவிட்டிருக்கிறார். பொரி நமுத்துப் போவுது என்கிற இடம் வந்ததும் அண்ணி, "இன்னாங்க இது, எங்க அம்மா வூட்டு அண்ணன் எப்ப களம்பூரு வந்தாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"அது நீதானடி" என்றிருக்கிறார் இவர்.

"நான் இப்படியா பேசறேன்? ஆம்பள கொரலு மாதிரி கீது. நல்லா கேளுங்க, எங்க அண்ணனேதான்."

பதினைந்து வருடம் கூட வாழ்ந்த பெண்டாட்டியின் குரல். அவருக்கு உடனே பொறி தட்டிவிட்டது. எங்கள் ஊரில் மில்லும் விசைத்தறியும் ஓடிக்கொண்டே இருப்பதால் கரண்ட் எப்போதும் மந்தமாகத்தான் வரும். அதற்கு ஏற்ற மாதிரி ரெக்கார்டரின் மோட்டாருக்குப் பின்னால் இருக்கிற திருகை முடுக்கி, மந்தக் கரண்டிலும் சரியான வேகத்தில் ஓடும்படி வைத்திருந்தார். வருஷம் முழுக்க அது சரி. ஆனால் ஆயுத பூஜை அன்று ஊரில் ஒரு மெஷினும் ஓடவில்லை. கரண்ட் முழுசாக வந்திருக்கிறது. ரெக்கார்டர் குதிரை மாதிரி ஓடியிருக்கிறது. வேகமாக ஓடிப் பதிந்ததைச் சாதாரண வேகத்தில் போட்டால் எல்லாம் இழுத்துக்கொண்டு, கனத்துத்தான் கேட்கும். கேசட் சீக்கிரம் தீர்ந்ததற்கும் காரணம் அதுதான்.

இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஆள் போல இருந்தார். "பூஜையன்னிக்குக் கரண்டு எப்படி வரும்னு யோசிக்காம பூட்டேனே. ஊரெல்லாம் தப்பான கேசட்ட அனுப்பிகினு இருந்திருக்கேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்துத் திருகைக் கொஞ்சம் முடுக்கினார். பாட்டு வேகம் பிடித்தது. அண்ணி அண்ணியாகவே பேசினார். கனத்த குரல் போய், மெலிசான என் குரல் வந்தது, கீச்சும் பிசிறுமாக.

"இதான்டா நீ" என்றார்.

"அண்ணா, பழையபடி வெச்சிடுங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன். வெள்ளிக்கெழம அவரு வர்றப்ப இத்தச் சொல்லாதீங்க."

"நானாப் போயி சொல்ல மாட்டேன். அவரு கேட்டா?"

"கேக்க மாட்டாரு."

"கேட்டா சொல்லுவேன்" என்றார். அண்ணிகூட எனக்காகப் பேசினார். "சின்னப் பையன் பொழப்புங்க, ஒரு நாளைக்கு வாய மூடிகினு இருந்தா இன்னா?" அண்ணன் தூக்கை எடுத்துக்கொண்டு உள்பக்கம் போய்விட்டார், சாப்பிட.

வெள்ளிக்கிழமை வந்தார் மெட்ராஸ்காரர். நல்ல மனுஷர், வெள்ளைச் சட்டை, கையில் புடவைப் பை. நாங்கள் நான்கு பேரும் பொங்கலுக்கு எடுத்த சட்டையில் நின்றோம். கேசட்டைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், திடீரென்று அண்ணன் பக்கம் திரும்பி, "குரல்ல ஒரு மாதிரி இழுவ இருக்கே, நீங்க எதுவும் வேல பண்ணீங்களா?" என்றார்.

கேட்டேவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பூஜை, கரண்ட், திருகு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். திருகை முடுக்கி என் நிஜக் குரலைப் போட்டுக் காட்டினார். மெட்ராஸ்காரர் என்னை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். நான் பாடினேன். லெட்டர் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். லெட்டர் வரவில்லை.

இதுதான் நான் ஊருக்குச் சொன்ன கதை. கேட்டவர்கள் எல்லாம் என் பக்கம்தான் பேசினார்கள். வாழ வேண்டிய பையன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாரே, அரிச்சந்திரன் வேஷம் போட வேறு இடம் கிடைக்கவில்லையா என்று அவரை ஏசினார்கள். எங்கள் குழு ஒரு வருஷத்துக்குள் கலைந்தது. நான் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டுமென்றால்கூடச் சுற்றிக்கொண்டு போவேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, தறியை விட்டுப் புடவை வியாபாரத்துக்கு மாறிய பிறகும், யாராவது பாட்டுப் பேச்செடுத்தால் போதும், இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவேன். சொல்லச் சொல்ல நன்றாகவே சொல்லப் பழகிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் டீக்கடையில் நான்கைந்து பேரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிக்கும்போதுதான் பார்த்தேன், பின் பெஞ்சில் அண்ணன் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பையன்களில் ஒருவனுக்கு அவரைத் தெரியும். அவன் சும்மா இருக்காமல் திரும்பி, "இன்னா அண்ணே, இவரு சொல்றது நெசமா? அப்படியேவா நடந்திச்சி?" என்று கேட்டுவிட்டான்.

அது அப்படியே நடக்கவில்லை.

கேட்டால் சொல்லிவிடுகிற ஆள் அவர். பெரியப்பாவின் உப்பை விடாதவர், மாமனாரின் இருமலை விடாதவர். அவர் என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமாம்பா. அவன் சொல்றது சரிதான். நான் வாய மூடிகினு இருந்திருக்கணும்" என்றார். எழுந்து போய்விட்டார்.

பின்னாலேயே ஓடி அவர் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பையன்கள் முன்னால் கதையைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வருஷம் கடையை மூடிவிட்டு மனைவியின் ஊருக்கே போய்விட்டார் என்றார்கள். பிறகு ஒரு நாள், போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் சொன்னார்கள். வெட்கத்தில் சாவுக்குக்கூடப் போகவில்லை நான். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது.

அன்று நான் விட்டுவிட்ட இடத்தை இப்போது எழுதுகிறேன். அண்ணன் திருகை முடுக்கி என் நிஜக் குரலைப் போட்டதும் மெட்ராஸ்காரர் கையைத் தூக்கி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பாட்டு முடியும் வரை கேட்டார். பிறகு என்னிடம், "இதுதான் தம்பி நல்லா இருக்கு. இந்தக் குரல்ல ஒரு உயிர் இருக்கு. எங்கே, இதே மாதிரி பாடு, கேப்போம்" என்றார்.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் யாரும் சிரிக்காதபோது அவர் மட்டும் சிரித்தார்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் சிரித்த அந்தப் பின்வரிசை ஞாபகம் வந்துவிட்டது. தொண்டையை அமுக்கி, கட்டைக் குரலில் பாடினேன்.